காரிலிருந்து காருக்கு கரண்ட் விற்கலாம்... ஆனால் நீங்கள் நிற்கும் இடம் யாருக்கெல்லாம் தெரியும்?

நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்துபோனால், பின்னால் வரும் வண்டியை நிறுத்தி ஒரு பாட்டிலில் கொஞ்சம் வாங்கிக்கொள்வது நம்மூர் பழக்கம். மின்சார காரில் சார்ஜ் தீர்ந்தால்? அதற்கும் வழி வந்துவிட்டது. 2023-ல் விற்பனைக்கு வந்த புதிய டாடா நெக்ஸான் மின்சார கார், தன் பேட்டரியில் இருக்கும் கரண்டை இன்னொரு மின்சார காருக்கு ஏற்றிவிடும்.

இப்போதைக்கு இது தெரிந்தவர்களுக்குள் செய்துகொள்ளும் உதவி. இதையே முன்பின் தெரியாத இருவர், ஒரு செயலி மூலம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசிச் செய்தால்? வாகனங்களுக்கு இடையிலான மின் வணிகம் என்ற பெயரில் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக யோசித்துவருவது இதைத்தான். அதில் கரண்டைக் கடத்துவதைவிடப் பெரிய தலைவலியாக நிற்பது ஒரு சின்ன கேள்வி. வாங்குபவரும் விற்பவரும் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஊருக்கே சொல்லாமல், இருவரையும் எப்படிச் சேர்த்துவைப்பது?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில். சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி மாதிரி ஊரில் வேறு பதில். ஏன் என்று பார்ப்போம்.

காரிலிருந்து காருக்கு... எவ்வளவு ஏறும்?

நெக்ஸானில் இந்த வசதியின் அதிகபட்ச வேகம் 5 கே.வி.ஏ. என்கிறது நிறுவனம். அதாவது ஒரு மணி நேரம் ஒயரை மாட்டி வைத்தால் ஏறத்தாழ 5 யூனிட் கரண்ட் மாறும். இந்த அளவு கார் ஒரு யூனிட்டில் சுமார் 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரக் காத்திருப்புக்கு 30 கிலோமீட்டர் கிடைக்கும். பனமரத்துப்பட்டியில் சார்ஜ் தீர்ந்தவர் சேலம் போய்ச் சேர அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டியிருக்கும்.

வழியில் கொஞ்சம் வீணாகவும் செய்யும். பேட்டரியில் இருப்பது டி.சி. கரண்ட். அது ஏ.சி.யாக மாறி ஒயரில் போய், அந்தப் பக்கம் மறுபடி டி.சி.யாகி பேட்டரிக்குள் ஏறுகிறது. இரண்டு மாற்றத்திலும் சேதாரம் உண்டு. அந்தச் சேதாரத்தை யார் ஏற்பது என்பதே விலை பேசும்போது வரும் முதல் சண்டையாக இருக்கும்!

இந்தியாவில் இது நடக்கிறதா?

காருக்கும் காருக்கும் இடையே காசு வாங்கி விற்பது இன்னும் இங்கே சந்தையாக வரவில்லை. ஆனால் அதன் அண்ணன் வந்துவிட்டான். வீட்டுக்கு வீடு கரண்ட் விற்பது. லக்னோவில் இந்திய ஸ்மார்ட் கிரிட் ஃபோரம் என்ற அமைப்பும், பவர் லெட்ஜர் என்ற ஆஸ்திரேலிய நிறுவனமும், உத்தரப் பிரதேச மின் கழகமும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. மாடியில் சோலார் வைத்திருப்பவர், மிஞ்சிய கரண்டைப் பக்கத்து வீட்டுக்கு விற்கலாம். வட டெல்லியில் டாடா பவர் நிறுவனமும் இதேபோல ஒரு சோதனை நடத்தியது. இரண்டிலும் கணக்கு வழக்கை பிளாக்செயின் பார்த்துக்கொண்டது. கேரளத்தில், வண்டியின் பேட்டரியிலிருந்து மின்கட்டமைப்புக்கே கரண்டைத் திருப்பி அனுப்பும் சோதனையை மும்பை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து செய்வதாக அம்மாநில மின் வாரியம் 2025-ல் அறிவித்தது.

தமிழ்நாட்டில்? 2023-ல் வெளியான மாநில மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய 6 நகரங்களை மின்வாகன நகரங்களாகத் தேர்வு செய்தது. ஆக, பட்டியலில் சேலம் இருக்கிறது. வண்டி கூடும்போது அடுத்து வருவது கரண்ட் வியாபாரம்தான்.

சட்டத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ உரிமம் வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம். சார்ஜிங் ஸ்டேஷன்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை, அது ஒரு சேவைதான் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரல் 13-ல் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் ஸ்டேஷன்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ரோட்டோரம் நிற்கும் இரண்டு கார்களை யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

இடம் தெரிந்தால் என்ன ஆகிவிடும்?

தமிழில் ‘இருப்பிடம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இப்போது இருக்கும் இடம் என்றும் சொல்லலாம், குடியிருக்கும் வீடு என்றும் சொல்லலாம். தொழில்நுட்பத்திலும் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. ஒரு கார் இரவில் எங்கே நிற்கிறது என்று நாலு நாள் பார்த்தால் வீடு தெரிந்துவிடும். பகலில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வேலை தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை எந்த மருத்துவமனை வாசலில் நிற்கிறது என்று பார்த்தால், வீட்டாருக்கே சொல்லாத விஷயமும் தெரிந்துவிடும்.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா? போதாது. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் 15 லட்சம் செல்போன்களின் 15 மாதப் பதிவை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. எந்த நேரத்தில் எந்த டவர் பக்கம் இருந்தார் என்ற புள்ளிகள் வெறும் 4 கிடைத்தாலே, 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று அது காட்டியது. பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

மின்சார கார்களிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவல்கள் பல மாதங்களாக இணையத்தில் பாதுகாப்பில்லாமல் கிடந்ததை, 2024 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழ் வெளியே கொண்டுவந்தது. அதில் ஏறத்தாழ 4.6 லட்சம் கார்கள் எங்கே நின்றன என்பது துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அரசியல்வாதிகளின் கார்களும் ஹாம்பர்க் போலீஸ் வண்டிகளும் அதில் இருந்தன. கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. ஃபோக்ஸ்வாகன், சீட் கார்களின் இடம் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் இருந்தது. அதே குழுமத்தின் ஆடி, ஸ்கோடா கார்களுக்கு 10 கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. கசிவு ஒன்றே. ஆனால் ஒருவருக்கு வீட்டு வாசலே தெரிந்தது. இன்னொருவருக்கு ஊர் மட்டும்தான்.

கரண்ட் வியாபாரத்தில் ஆபத்து இதைவிட ஒரு படி மேலே. அங்கே வாங்குபவர் அனுப்பும் கோரிக்கை என்ன சொல்கிறது? ‘சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலை, இரவு 11 மணி, சார்ஜ் 5 சதவீதம், நகர முடியாது.’ தனியாக வண்டி ஓட்டிவரும் ஒரு பெண் இதை அனுப்புகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் செய்தி உதவி செய்பவருக்கு மட்டும் போக வேண்டும். சந்தையில் பதிவு செய்திருக்கும் எல்லோருக்கும் போனால்?

விற்பவருக்கும் சிக்கல் உண்டு. பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரம் அரளிப்பூவுக்குப் பேர்போனது. விடிவதற்குள் பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். நாளைக்கு அந்த வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறி, மார்க்கெட்டில் நிற்கும் நேரத்தில் மிச்ச சார்ஜை விற்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் அதிகாலையில் இந்த வண்டி சேலத்தில் நிற்கிறது என்ற பதிவு, இந்த வீட்டில் அந்த நேரத்தில் ஆள் குறைவு என்றும் சொல்லிக்கொடுக்கும்.

‘பச்சை நம்பர் பிளேட் கார் யாருடையது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்களே, இதில் என்ன ரகசியம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது அந்தத் தெருவோடு நிற்கும். கேட்பவர் யார் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். சர்வர் முகம் பார்க்காது. மூன்று வருடத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையைக்கூட மறக்காது.

இடத்தைச் சொல்லாமல் எப்படி வியாபாரம்?

எளிய வழி, துல்லியத்தைக் குறைத்துச் சொல்வது. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். செல்போன் ஜி.பி.எஸ். இதைப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை எழுதினால், அது 11 சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விடும். அதையே இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான கட்டம் ஒன்றுதான் தெரியும். ‘இந்தக் கட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன்’ என்பதோடு சரி.

இரண்டாவது, கூட்டத்தில் ஒளிவது. ‘குறைந்தது 10 வண்டிகள் உள்ள பகுதியை மட்டும் காட்டு’ என்று செயலிக்குக் கட்டளை போட்டுவிடலாம். பத்தில் எது உங்கள் வண்டி என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது, வேண்டுமென்றே கொஞ்சம் தவறாகச் சொல்வது. உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, கணக்குப்படி ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது. இதற்கான கணித அடித்தளத்தை பிரான்ஸில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் போட்டுக்கொடுத்தார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. தினமும் ராத்திரி ஒரே வீட்டிலிருந்து புதுப்புது பொய்ப் புள்ளியை அனுப்பினால், முப்பது புள்ளிகளையும் வைத்து நடுவைக் கண்டுபிடித்தால் போதும். ஏறத்தாழ அங்கேதான் வீடு. அதனால் ஒரே இடத்துக்கு ஒரே பொய்யையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பொய் சொன்னாலும் மாற்றாமல் சொல்ல வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கே கணிதத்துக்கும் பொருந்துகிறது.

நான்காவது வழிதான் சுவாரசியமானது. நாமக்கல் மாவட்டத்தின் புதன்சந்தை மாதிரி மாட்டுச் சந்தைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். கணினியில் இதைவிட ஒரு படி மேலே போகலாம். துண்டுக்குள் இருக்கும் இரண்டு பேருக்குமே அடுத்தவர் மனதில் இருக்கும் எண் தெரியாது. ‘படிந்ததா, இல்லையா’ என்ற விடை மட்டும் தெரியும். இரண்டு பணக்காரர்கள் தங்கள் சொத்து மதிப்பைச் சொல்லாமலே யார் பெரிய பணக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற புதிராக, கணினி அறிஞர் ஆண்ட்ரூ யாவ் 1982-ல் இதை முன்வைத்தார்.

எண்களைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தபடியே கூட்டுவதற்கு ஒரு முறையை பாஸ்கல் பாயே 1999-ல் கொடுத்தார். இந்த மாதிரி முறைகளை வைத்து இரண்டு வண்டிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று, இருவரின் இடத்தையும் திறந்து பார்க்காமலே சர்வர் கணக்குப் போடலாம். 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் ‘ஆம்’. இல்லாவிட்டால் ‘இல்லை’. அவ்வளவுதான் வெளியே வரும். ‘ஆம்’ வந்து, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் துல்லியமான இடம் திறக்கும். அதுவும் அந்த இருவருக்கு மட்டும். நடுவில் இருக்கும் நிறுவனத்துக்குக்கூடத் தெரியாது.

பனமரத்துப்பட்டியில் ஏன் கஷ்டம்?

மேலே சொன்ன முதல் மூன்று வழிகளும் நகரத்தை மனதில் வைத்து யோசித்தவை மாதிரியே இருக்கின்றன. சேலம் ஐந்து ரோட்டில் சாயங்காலம் பத்து மின்சார வண்டிகளைச் சேர்க்க நாலைந்து தெரு போதும். பனமரத்துப்பட்டி, நெடுஞ்சாலையை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பேரூராட்சி. அங்கே பத்து மின்சார கார் சேரும்வரை வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மல்லூரைத் தாண்டி சேலத்துக்குள்ளேயே போய்விடலாம். ‘உங்களுக்கு கரண்ட் விற்பவர் பனமரத்துப்பட்டிக்கும் சேலத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறார்’ என்று செயலி சொன்னால், 5 சதவீத சார்ஜோடு நிற்பவர் என்ன செய்வார்? 40 யூனிட் பேட்டரியில் 5 சதவீதம் என்பது 2 யூனிட். 12, 13 கிலோமீட்டர் போகலாம். தப்பான பக்கம் கிளம்பினால் கதை முடிந்தது.

கட்டத்தைச் சின்னதாக வைத்தால் வேறு தொல்லை. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் முக்கால்வாசி ஏரியாகவும் மீதி ரோடாகவும் இருந்தால், அந்தக் கட்டம் எதையும் மறைக்காது. சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்குள் யாரும் காரை நிறுத்த மாட்டார்கள் என்பது வரைபடம் பார்க்கத் தெரிந்த யாருக்கும் புரியும். மிச்சம் இருக்கும் ரோட்டுத் துண்டில்தான் வண்டி. தள்ளிச் சொன்ன பொய்ப் புள்ளி ஏரிக்குள்ளேயோ ஜருகுமலை மேலேயோ விழுந்தாலும் இதே கதைதான். பார்த்ததுமே பொய் என்று தெரிந்துவிடும். அதனால் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே, கார் போகக்கூடிய சாலைகளை மட்டும் கணக்கில் எடுக்கும்படி முறையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆக, ஆள் குறைவான ஊரில் கூட்டத்தில் ஒளிய முடியாது, ஏனென்றால் கூட்டமே இல்லை. அங்கே பூட்டிய பெட்டிக் கணக்குதான் கைகொடுக்கும். செலவு கொஞ்சம் கூடும், விடை வரச் சில விநாடி தாமதமாகலாம். கார் நிற்கிற நேரத்தில் சில விநாடி ஒன்றும் பெரிதில்லை.

இன்னொரு வழி, தொழில்நுட்பமே அதிகம் தேவைப்படாதது. வீட்டு வாசலில் வியாபாரம் வேண்டாம். பேருந்து நிலையம், ஒன்றிய அலுவலகம், நெடுஞ்சாலைப் பிரிவு மாதிரி பொது இடங்களில் மட்டும் சந்திக்கலாம் என்று செயலியிலேயே விதி வைத்துவிடுவது. விற்பவரின் வீடு தெரிய வேண்டியதில்லை. விளக்கு வெளிச்சமும் நாலு பேர் நடமாட்டமும் உள்ள இடம் என்பதால், வாங்குபவருக்கும் பயமில்லை. ஒரு அடி நகர முடியாமல் நிற்பவருக்கு மட்டும் இது உதவாது. அந்த நிலையில் அது வியாபாரம் இல்லை, அவசர உதவி. இரண்டுக்கும் ஒரே கதவை வைப்பதே தவறு.

பிளாக்செயின் இருந்தால் பாதுகாப்புதானே?

இப்படி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வண்டிகளுக்கு இடையிலான மின் வணிகத்தை பிளாக்செயினில் நடத்தலாம் என்று 2017-லிருந்தே ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. எழுதிய கணக்கை யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாது என்பதுதான் பிளாக்செயினின் பலம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை யூனிட் என்பதை அதில் எழுதிவிட்டால், அதையும் யாராலும் அழிக்க முடியாது. காசு விஷயத்தில் நல்லது. இட விஷயத்தில் நேர் எதிர். அதனால் இடத்தை அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றவே கூடாது. யூனிட்டும் தொகையும் போதும்.

யூனிட்டும் கொஞ்சம் பேசும் என்பது வேறு விஷயம். காலையில் 80 சதவீதம், மாலையில் 50 சதவீதம் என்றால், நடுவில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று ஊகிக்கலாம். யு.பி.ஐ.யில் பணம் போட்டால் பெயரும் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே ஒப்புதலின் பேரில் எடுக்கலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் இருப்பிடத் தகவலுக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் இல்லை. மற்ற தகவல்களோடு அதுவும் ஒன்று.

இதில் ‘தேவையான’ என்ற ஒரு வார்த்தைதான் எல்லாம். பக்கத்தில் விற்பவர் இருக்கிறாரா என்று பார்க்க 10 சென்டிமீட்டர் துல்லியம் தேவையா? 24 மணி நேரமும் தேவையா? கரண்ட் ஏறி முடிந்து, காசு போன பிறகும் அதைச் சேர்த்துவைக்கத் தேவையா? வருங்காலச் செயலிகளிடம் கேட்க வேண்டியவை இந்த மூன்றும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சார்ஜிங் ஸ்டேஷன் தேடும் செயலிகள் ஏற்கெனவே பலர் போனில் இருக்கின்றன. அவையும் இடத்தைக் கேட்கின்றன. ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14-லிருந்தும் துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளுக்குள் போனால் இது இருக்கும். ஆண்ட்ராய்டில் தோராயமான இடம் என்பது சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. சேலம்–நாமக்கல் ரோட்டில் எங்கெங்கே சார்ஜர் இருக்கிறது என்று பார்க்க அது போதும். வழிகாட்டும் மேப் ஓடும்போது மட்டும் துல்லியமான இடத்தைக் கொடுத்து, சேர்ந்ததும் எடுத்துவிடலாம்.